அவசரப்படாத ஸ்டாப்பர்

ரெஃப்ரி விசில் ஊதின பிறகும் அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு, மிச்சம் தொங்கும் நுனியை ஸ்டாக்கிங்ஸுக்குள் செருகுவார். எழுந்து இரண்டு காலையும் தரையில் அழுத்திப் பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் மறுபடி உட்கார்ந்து அவிழ்ப்பார். எதிர் டீம் ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்களுக்கு மானம் போகும். அவருக்கு ஒன்றும் போகாது.

அவர் எங்கள் ஃபுட்பால் டீமின் ஸ்டாப்பர். கோல் கீப்பருக்கு நேர் முன்னால், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் கோல் கீப்பர். அதனால் ஆறு வருஷம் அவர் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் பெயரைப் போடவில்லை. போட்டால் இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். ஒரு மாதம் கழித்து வந்து, "எதுக்குப்பா இதெல்லாம்" என்று கேட்பார்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் இருந்த டீம் எங்களுடையது. ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வெல்டர் என்று கலந்துகட்டி இருந்தோம். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். அவர் ரயில்வே கேட் கீப்பர். அந்த வேலைக்கென்றே அவரைச் செய்து அனுப்பியிருந்தார்கள் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

கேட்டை மூடிவிட்டால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பஸ், லாரி, கரும்பு டிராக்டர் எல்லாம் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். அவர் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்து நிற்பார். ஒரு முறை கட்சிக்கொடி கட்டின வெள்ளை கார் ஒன்று எல்லா வண்டியையும் முந்திக்கொண்டு முன்னால் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "ரயிலையே காணோம், எதுக்கு மூடி வெச்சிருக்கே? நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியுங்க. ரயிலுக்குத் தெரியாதே."

நான் அப்போது பக்கத்தில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார். நாலு நிமிஷம் கழித்து ரயில் போனது. கேட்டைத் தூக்கிவிட்டு அந்த காருக்கு ஒரு சலாமும் வைத்தார்.

அவர் கல்யாணம் நடந்த விதமும் இப்படித்தான். பெண் நெல்லிக்குப்பம். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். போய்ப் பார்த்தார், காபி குடித்தார், வந்துவிட்டார். மூன்று மாதம் பதிலே இல்லை. பெண் வீட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வேறு வரன் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணே ஸ்கூட்டியில் கிளம்பி கேட்டுக்கு வந்துவிட்டது. கேட் மூடியிருந்தது. வண்டிகளுக்கு நடுவில் புகுந்து முன்னால் வந்து, "சம்மதமா இல்லையா, சொல்லிடுங்க. வீட்ல வேற எடம் பாக்குறாங்க" என்று கேட்டதாம்.

இவர், "வண்டி போயிடட்டும்" என்றாராம்.

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார். நின்றிருந்த வண்டி எல்லாம் போய் முடிந்தது. அந்தப் பெண் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அப்புறம்தான் பக்கத்தில் வந்து சொன்னாராம்: "எனக்கு அன்னைக்கே சம்மதங்க. எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன்."

"கெடச்சுதா?"

"இல்ல."

இதை அவர் மனைவியே எங்களுக்குச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் டீம் முழுக்க மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் எல்லாம் கை காய்ந்து உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தபோது அவர் இன்னும் முதல் மீனின் முள்ளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். இந்த மனுஷன் நிஜமாகவே யோசிக்கிறாரா, இல்லை சோம்பேறித்தனத்துக்கு யோசனை என்று பெயர் வைத்திருக்கிறாரா? அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் ஒரேயடியாக வந்த நாள் ஒன்று உண்டு. மாவட்ட லீகில் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே முதல் டிவிஷனில் நீடித்திருப்போம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எதிர் டீம் ஃபார்வர்ட் ஒருவன் அவரைத் தாண்டிக்கொண்டு போனான். இவர் துரத்தவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் வந்து விழுந்தேன், பந்து என் மேல் பட்டு உள்ளே போய்விட்டது. இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கினோம்.

எங்கள் கேப்டன் டேவிட்தான் அந்த வெல்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சட்டென்று கோபம் வரும், சட்டென்று அழுகையும் வரும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கத்தினான். "ரெண்டு எட்டு ஓடியிருந்தா என்னண்ணே? உசுரா போயிடும்? நீங்க கேட்லயே நில்லுங்க. கிரவுண்டுக்கு வராதீங்க."

அவர் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். அதற்கும் நேரம் எடுத்தது.

அடுத்த ஞாயிறு காலை டேவிட் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். டேவிட் பாதி ஷேவிங்கில் வெளியே வந்தான். "ஓடியிருந்தாலும் அவனப் புடிச்சிருக்க முடியாது. நான் நின்ன எடந்தான் தப்பு. நாலடி எடது பக்கம் நின்னிருக்கணும்" என்றார்.

"இதச் சொல்ல ஒரு வாரமா?"

"ஒரு வாரமா நின்னு பாத்தேன்."

அது உண்மை. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கிரவுண்டு வழியாகப் போனபோது அவரை நான் பார்த்தேன். யாருமில்லாத கிரவுண்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நாலடி தள்ளி நின்றார். திரும்பி கோல் போஸ்ட்டைப் பார்த்தார். மறுபடி பழைய இடத்துக்கு வந்து நின்றார். கூப்பிடலாமா என்று நினைத்து, கூப்பிடாமல் வந்துவிட்டேன். பைத்தியம் பிடித்த ஆளைப் பார்க்கிற மாதிரி எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

டேவிட் மனம் இறங்கவில்லை. அந்த வருஷம் ஸ்டாப்பர் இடத்தில் குமார் என்று ஒரு ஆள் வந்தான். நல்ல ஓட்டக்காரன். இவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, லேஸைக் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். டேவிட் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். இவர் அதைக் கவனித்தாரா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அகலப் பாதை போட்டு சிதம்பரம் பக்கம் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த வருஷம் அது. கோப்பைப் போட்டியில் எந்த டிவிஷன் டீமும் ஆடலாம். நாங்கள் எப்படியோ இரண்டு சுற்று தாண்டிவிட்டோம். மூன்றாவது சுற்றில் சிதம்பரம் டீமோடு அவர்கள் கிரவுண்டிலேயே ஆட வேண்டும் என்று சீட்டு விழுந்தது. முதல் டிவிஷனில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த டீம் அது. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த நல்ல ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். கேரளாவில் இருந்து வந்த ஒரு விங்கர் இருந்தான். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாகக் காற்று மாதிரி போவான்.

எங்கள் செக்ரட்டரி முதுநகரில் வலைக்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் மாமா. போவதற்கு முந்தின வாரம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பசங்களா, எனக்கும் வயசாவுது. சிதம்பரத்துல அஞ்சு ஆறுன்னு வாங்கிட்டு வந்தீங்கன்னா இதோட டீமக் கலைச்சிடலாம். ஊர்ல தல காட்ட முடியல" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

அன்றைக்கு வேலை, கல்யாணம் என்று பலர் வர முடியாமல் போய், செக்ரட்டரியைத் தவிர மொத்தம் பதின்மூன்று பேர்தான் பாசஞ்சர் ரயிலில் கிளம்பினோம். வெளியே உட்கார இரண்டு பேர். இன்னொரு கோல் கீப்பரும் இவரும்.

கிரவுண்டுக்குப் போனதும் நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு உதைக்க ஆரம்பித்தோம். இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு மைதானத்தின் ஓரமாக நடந்தார். முழுதாக ஒரு சுற்று. அப்புறம் குறுக்கே. அங்கங்கே நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தார். முந்தின நாள் நல்ல மழை. குமார் என்னிடம், "அண்ணன் கோயிலுக்குப் போவாம இங்கியே பிரகாரம் சுத்துறாரு" என்றான். நானும் சிரித்தேன்.

ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டாவது நிமிஷம் அந்த விங்கர் கோல் போட்டான். குமார் அவனோடு சரிக்குச் சரி ஓடினான். கடைசி அடியில் அவன் நின்று திரும்பினான், குமார் ஓடிக்கொண்டே இருந்தான். நான் கையை நீட்டியதற்குள் பந்து வலையில். அதற்கப்புறம் இரண்டு தடவை பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. எத்தனை கோல் விழும் என்று கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது. செக்ரட்டரி துண்டால் முகத்தைத் துடைத்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்தாவது நிமிஷம் குமார் கணுக்கால் பிசகி விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

டேவிட் வெளியே பார்த்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். பல மாதம் கழித்து முதல் தடவையாக அவரிடம் பேசினான்.

"வாங்கண்ணே."

அவர் குனிந்து லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்ட ஆரம்பித்தார். ரெஃப்ரி வந்து பார்த்துவிட்டு, "பத்து பேரோட ஆடுங்க, அவர் வரும்போது வரட்டும்" என்று விசில் ஊதிவிட்டார். கூட்டம் ஓவென்று சிரித்தது. இரண்டரை நிமிஷம் பத்துப் பேராக ஆடினோம். எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் அவர் உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

விங்கர் வந்தான். அவர் அவன் மேல் போகவில்லை. இரண்டடி பின்னால் வைத்து, ஒரு பக்கமாகத் திரும்பி, வேண்டுமானால் ஓரமாகப் போ என்று வழி விட்டு நின்றார். யார்தான் போக மாட்டார்கள்? அவன் மேற்கு மூலையைப் பார்த்துப் பாய்ந்தான். அங்கே புல்லுக்கு அடியில் தண்ணீர் நின்றது மேலிருந்து பார்த்தால் தெரியாது. பந்து அதில் சப்பென்று நின்றுவிட்டது. அவன் மட்டும் பந்தில்லாமல் நாலடி ஓடிப் போய்த் திரும்பினான். அதற்குள் இவர் நடந்து வந்து பந்தை எடுத்து டேவிட்டுக்குத் தட்டிவிட்டார்.

ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இடைவேளைக்குள் நாலு தடவை நடந்தது. நாலாவது தடவை அந்தப் பையன் நின்று இவரை ஏற இறங்கப் பார்த்தான். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

இடைவேளையில் ஸ்கோர் ஒன்றுக்குப் பூஜ்யம். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தோம். அவர் டேவிட் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இப்ப எடம் மாறுது. அந்தத் தண்ணி இனிமே அவுங்க கோலுக்குப் பக்கம். நாம பந்தத் தூக்கி அடிச்சா அவுங்க பின்னாடி கீப்பருக்குத் தள்ளுவாங்க. அது போவாது, நடுவுல நின்னுடும்." பிறகு எங்கள் ஃபார்வர்ட் ரஹீமைப் பார்த்தார். "ரஹீமு, நீ அங்க பக்கத்துல போயி நில்லு. தொரத்தாத. நில்லு."

"நிக்கிறதுக்கா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றான் ரஹீம்.

"கொஞ்ச நேரந்தான்."

"அவுங்க கிரவுண்டு, அவுங்களுக்குத் தெரியாதா அங்க தண்ணி நிக்கிறது?" என்று டேவிட் கேட்டான்.

"சொந்த கிரவுண்ட யாரு சுத்திப் பாக்குறா?"

டேவிட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரஹீமிடம், "அண்ணன் சொல்றத செய்டா" என்றான்.

ரஹீம் இருபது நிமிஷம் அங்கேயே முணுமுணுத்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் நாங்கள் பந்தைத் தடுத்துத் தடுத்துத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பந்து அந்த மூலைக்குப் போனது. அவர்களுடைய தடுப்பு வரிசையில் நின்ற பேக் நிதானமாக அதைக் கீப்பருக்குத் தள்ளினான். பாதி வழியில் பந்து நின்றது. கீப்பர் பேக்கைப் பார்த்தான், பேக் கீப்பரைப் பார்த்தான். ரஹீம் நாலே எட்டில் போய் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. செக்ரட்டரி எழுந்து துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். சிதம்பரத்து மைதானத்தில் அந்த நேரம் சத்தம் போட்டவர்கள் மொத்தமே நாலு பேர். செக்ரட்டரி, குமார், இன்னொரு கோல் கீப்பர், அப்புறம் பெண்கள் நின்றிருந்த பக்கம் ஒரு குரல். அது இவருடைய மனைவி. அக்கா வீடு சிதம்பரத்தில் இருந்ததால் காலையிலேயே வந்துவிட்டிருந்தார்.

அதற்கப்புறம் சிதம்பரத்துக்காரர்கள் முழு டீமாக முன்னால் வந்துவிட்டார்கள். அலை அலையாக வந்தார்கள். நான் பிடித்ததைவிட அவர் நின்றுகொண்டிருந்த இடத்தில் வந்து பட்டுத் திரும்பினதுதான் ஜாஸ்தி. எப்படி ஒவ்வொரு பந்தும் அந்த மனுஷனைத் தேடி வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. தலையைத் திருப்பாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயப்படாத, வெளிய வராத. நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும். எல்லோரும் முன்னால் இருந்ததால் அவர்கள் பக்கம் காலியாகக் கிடந்தது. டேவிட் தூக்கி அடித்த பந்தோடு ரஹீம் தனியாக உள்ளே போனான். பின்னால் வந்த பேக் காலை விட்டு அவனை விழத்தட்டினான். ரெஃப்ரி பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

பெனால்டி எப்போதும் டேவிட்தான் அடிப்பான். பந்தைக் கையில் எடுத்தான். திரும்பி மைதானத்தின் முழு நீளமும் நடந்து எங்கள் பக்கம் வந்தான். அவர் முன்னால் நின்று, "கால் நடுங்குதுண்ணே. நீங்க அடிங்க" என்றான்.

அவர் பந்தை வாங்கிக்கொண்டார். நடந்தார். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறவர் மாதிரி போனார். பந்தை வைத்தார். குனிந்து பார்த்தார். எடுத்து ஜெர்சியில் துடைத்து மறுபடி வைத்தார். கூட்டம் கூச்சல் போட்டது. ரெஃப்ரி விசில் ஊதினார். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கோட்டில் கீப்பர் இந்தப் பக்கம் ஒரு குதி, அந்தப் பக்கம் ஒரு குதி. கடைசியில் இவர் நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை, நடந்தார். பாதி தூரத்திலேயே கீப்பருக்குப் பொறுக்கவில்லை. வலது பக்கமாகப் பாய்ந்து விழுந்துவிட்டான். இவர் அதைப் பார்த்த பிறகு, இடது பக்கமாகப் பந்தைத் தட்டினார். குழந்தைக்கு உருட்டிவிடுகிற மாதிரி. அது உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி, வலையைக்கூடத் தொடாமல் உள்ளே நின்றது.

இரண்டுக்கு ஒன்று.

கடைசி நிமிஷம் வேறு இருந்தது. கேரளா விங்கர் இந்த முறை நடுவால் வந்தான். அவர் நிற்கும் இடத்தையும் தாண்டிவிட்டான். நான் அவர் பேச்சை மறந்து முன்னால் பாய்ந்தேன். பந்து என் தலைக்கு மேலே போனது. தரையில் விழுந்தபடி, போச்சு என்று திரும்பிப் பார்த்தேன். காலியான கோலின் கோட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. வெளியே தட்டிவிட்டார். ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார்.

"எப்பண்ணே இங்க வந்தீங்க?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"நீ வெளிய வருவேன்னு தெரியும். அதான் முன்னாடியே கெளம்பிட்டேன்" என்றார்.

நான் எழுவதற்குள் எல்லோரும் அவர் மேல் விழுந்தார்கள். பிசகின கணுக்காலோடு குமார் நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். செக்ரட்டரி சேற்றில் வழுக்கி விழுந்து, வேட்டி முழுக்கச் சேறோடு எழுந்து, யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்தார். ரெஃப்ரியையும் கட்டிப்பிடித்தார். அந்த விங்கர் வந்து இவர் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். சிதம்பரத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த டீம் தோற்ற அன்றைக்கு அப்படிக் கைதட்டுகிற மனசு பெரிய மனசு. இவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதலில் அவர் நெஞ்சில் பந்து பட்ட இடத்தை அழுத்திப் பார்த்தார். நர்ஸ் ஆயிற்றே. அப்புறம்தான் சிரித்தார்.

அடுத்த சுற்றில் தோற்றுப்போனோம். அதற்காக யாரும் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை. அந்த வருஷம் லீகில் மறுபடி முதல் டிவிஷனுக்கு ஏறினோம், அவர்தான் ஸ்டாப்பர். நான் சொல்ல வந்தது அன்றைய ரயிலை.

ஆறரை மணி பாசஞ்சரைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் டேவிட் அவர் பக்கத்தில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, போன வருஷம் எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றான்.

அவர் அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது.

பெட்டி முழுக்க எங்கள் பாட்டுத்தான். பெஞ்சில் தாளம். ரஹீம் நடுவில் நின்று ஆடினான். எதிரில் இருந்த ஒரு அம்மா பையைப் பிரித்து முறுக்கை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். டீமைக் கலைக்கப் போகிறேன் என்ற செக்ரட்டரி, அடுத்த வருஷம் ஜெர்சி என்ன நிறம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிள்ளை போனது, பரங்கிப்பேட்டை போனது, புதுச்சத்திரம் போனது. அவர் ஜன்னல் ஓரம் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டேவிட் பாடவில்லை. கதவருகே நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆலப்பாக்கமும் போனது.

முதுநகர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. நாங்கள் எல்லாம் குதித்து இறங்கினோம். அவர் கடைசியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நேராக டேவிட் நின்ற இடத்துக்குப் போனார்.

"வெச்சுக்கல" என்றார்.

டேவிட் அவர் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தான். அவன் அழுது முடிக்கும் வரைக்கும் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.